பிளஸ் டூ உயிரியல் திருப்புதல்: நாலு பாடத்தை விட்டுவிடலாமா?

கேள்வி, ஜனவரி 9

வணக்கம். பிளஸ் டூ, பயோ மேக்ஸ் குரூப், தமிழ் வழி. அரையாண்டில் உயிரியல் தியரி 70-க்கு 41. எங்கள் தெருவில் போன வருடம் எழுதிய அண்ணன் ஒருவர், "சாய்ஸ் நிறைய இருக்குடா. பாட்டனியில் நாலு, சுவாலஜியில் நாலு பாடத்தை அப்படியே விட்டுடு. மீதியை உருப்போட்டா அறுபது வந்துடும்" என்கிறார். சரிதானா? எந்த நாலை விடுவது? எதில் ஆரம்பிப்பது? உயிரியலுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. கணக்கும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது.

ஜனவரி 9, இரவு

விடாதே தம்பி. ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன். டியூஷன் பிள்ளைகளின் டெஸ்ட் பேப்பர் ஒரு கட்டு கிடக்கிறது.

ஜனவரி 10

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. கேள்வித்தாளை எடுத்து நீயே எண்ணிப் பார். பாட்டனி 35, சுவாலஜி 35, இரண்டுக்கும் ஒரே அமைப்பு. ஒரு மதிப்பெண் எட்டு, எட்டையும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் ஆறு கொடுத்து நாலு கேட்பார்கள். மூன்று மதிப்பெண்ணில் ஐந்து கொடுத்து மூன்று, அதில் 19-ஆவது கேள்வி கட்டாயம். கடைசியில் ஐந்து மதிப்பெண் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு "அல்லது". அச்சில் இருப்பது 8, 12, 15, 20, ஆக மொத்தம் 55 மதிப்பெண்ணுக்கான கேள்விகள். நீ எழுதப்போவது 35-க்கு. அதாவது 20 மதிப்பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழு மதிப்பெண் வாங்கலாம். அண்ணன் கண்ணில் பட்டது இதுதான்.

அந்தச் சாய்ஸ் எங்கே விழும் என்பது உன் கையில் இல்லை. "அல்லது"வுக்கு மேலேயும் கீழேயும் நீ விட்ட பாடமே வந்தால் ஐந்து மதிப்பெண் அப்படியே போச்சு. சும்மா ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பாதியில் பத்துப் பாடம், அதில் நாலை விடுகிறாய், மேலே ஒரு பாடம் கீழே வேறு பாடம் என்று வைத்துக்கொள். இரண்டுமே விட்ட பாடமாக அமைய 4/10 × 3/9, ஏறத்தாழ 13 சதவீதம். சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டு பாதியும் சேர்த்து இப்படி நாலு ஜோடி இருக்கிறது. நாலில் ஒன்றாவது காலை வாரிவிட 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஒரு மதிப்பெண்ணில் சாய்ஸே கிடையாது. பத்தில் நாலை விட்டவன் எட்டில் மூன்றைக் குருட்டாம்போக்கில்தான் போட வேண்டும். 19-ஆவது கேள்வி தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜனவரி 10, மதியம்

மேலே போட்ட கணக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கேள்வித்தாள் எடுப்பவர் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. பெரிய பாடத்தில் கேட்க நிறைய இருப்பதால் அங்கிருந்துதான் பெரிய கேள்வி அதிகம் வரும். பிள்ளைகள் விடுவதும் பெரிய பாடத்தைத்தான், மூலக்கூறு மரபியல் என்றாலே பக்கத்தைப் புரட்டுவார்கள். ஆகவே நிஜ நிலவரம் என் கணக்கைவிட மோசம்.

ஜனவரி 11

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் முழுக்கப் படிக்கச் சொல்கிறேனா? ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்காது. எந்தப் பாடத்தையும் விடாதே, ஆழத்தைக் குறை. இதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. சில பாடம் ஐந்து மதிப்பெண் ஆழம்: படம், படிநிலை, காரணம் எல்லாம் சேர்த்து. சில பாடம் மூன்று மதிப்பெண் ஆழம். சில பாடத்தில் புக் பேக் (பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சி வினாக்கள்) ஒரு மதிப்பெண்ணும், வரையறைகளும், தடித்த எழுத்தில் இருப்பதும் போதும். விட்ட பாடம் பூஜ்யம் தரும். மேலோட்டமாகப் பார்த்த பாடம் ஒன்றோ இரண்டோ தரும், அந்த ஒன்றும் இரண்டும்தான் 41-ஐ 50 ஆக்கும்.

பாட்டனியில் நான் ஐந்து மதிப்பெண் ஆழம் என்று வைப்பது முதல் பாடம் (தாவரங்களில் இனப்பெருக்கம்), பாரம்பரிய மரபியல், உயிரிதொழில்நுட்பவியல் நெறிமுறைகள், சூழல்மண்டலம். சுவாலஜியில் மனித இனப்பெருக்கம், மூலக்கூறு மரபியல், மனித நலன் மற்றும் நோய்கள். மரபுக் கடத்தல் கொள்கைகளையும் இதில் சேர்க்கலாம், அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது 19-ஆவது கேள்வியோடு வரும். குரோமோசோம் பாடம், திசு வளர்ப்பு, சூழ்நிலையியல் கோட்பாடுகள், பயிர் பெருக்கம், பரிணாமம், உயிர் தொழில்நுட்பப் பயன்பாடுகள், இனக்கூட்டம், இவையெல்லாம் நடு ஆழம். சுற்றுச்சூழல் பிரச்சனைகள், பொருளாதாரத் தாவரங்கள், நுண்ணுயிரிகள், இனப்பெருக்க நலன், சுவாலஜியில் வரும் சுற்றுச்சூழல் இடர்பாடுகள், இவை மேலோட்டம்.

இது என் கணிப்பு, அரசாணை இல்லை. உனக்கு ஏற்கனவே பரிணாமம் பிடித்த பாடமாக இருந்தால் அதைத் தூக்கி மேலே போட்டுக்கொள். பிடித்ததைப் படிக்கக் கணக்கு வாத்தியாரிடம்கூட அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜனவரி 12

"இவ்வளவு வளைப்பு எதற்கு? பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) வினா வங்கிப் புத்தகத்தில் அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் படித்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழைய கேள்வி பார்ப்பது நல்லதுதான். எந்தப் பகுதியிலிருந்து எப்படித் திருகிக் கேட்பார்கள் என்று தெரியும். ஆனால் "மூன்று முறை வந்துவிட்டது, கட்டாயம் வரும்" என்று ஒருவரும், அதே கேள்வியைக் காட்டி "போன வருடம்தான் வந்தது, இனி வராது" என்று இன்னொருவரும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இரண்டையும் நம்பியவன் என்ன படிப்பான்? ப்ளூ பிரிண்ட் இருந்த காலத்தில் இந்த யோசனைக்கு ஓரளவு மரியாதை இருந்தது, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரியும். புதிய பாடத்திட்டத்தில் அது இல்லை. பாடத்தின் உள்ளேயிருந்தும் எங்கு வேண்டுமானாலும் கேட்பார்கள்.

ஜனவரி 12, இரவு

புக் பேக் மட்டும் படித்தே எட்டுக்கு ஆறு வாங்கலாம் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். வாங்கலாம். மீதி இரண்டும் பெட்டிச் செய்தியிலும் படத்துக்குக் கீழே உள்ள வரியிலும் ஒளிந்திருக்கும், கவனியுங்கள்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். இன்று யாரும் படிக்க வேண்டாம். கரும்பு கடிக்கும்போது சக்காரம் அஃபிசினாரம் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டால் போதும், பொருளாதாரத் தாவரவியலில் ஒரு மதிப்பெண் பார்த்த கணக்கு.

ஜனவரி 17

ஆழம் பிரித்த பிறகு எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டிருந்தாய். பள்ளியில் பாட்டனிக்கு ஒருவர், சுவாலஜிக்கு ஒருவர் என்று தனித்தனியாக நடத்துவதால் பிள்ளைகள் மனதில் இது இரண்டு பாடமாகவே பதிந்துவிடுகிறது. திருப்புதலில் அதை உடைத்துவிடு. மரபியலை எடுத்தால் பாட்டனியில் மெண்டல், அடுத்து குரோமோசோம் பாடம், அப்படியே சுவாலஜிக்குத் தாவி மரபுக் கடத்தல், மூலக்கூறு மரபியல் என்று ஒரே வாரத்தில் முடி. 3:1 கையில் இருக்கும்போதே ஏபிஓ ரத்த வகைக் கலப்பைப் போட்டால் இரண்டாவதற்குப் பாதி நேரம்தான் பிடிக்கும். தொழில்நுட்பம் இரண்டு பக்கமும் இருக்கிறது. சூழலியலும் இரண்டு பக்கமும் இருக்கிறது. இனப்பெருக்கத்தில் தாவரமும் மனிதனும் ஒப்பிட்டுப் படிக்க வசதியானவை.

இப்படி அடுக்கினால் இருபதுக்கு மேற்பட்ட பாடங்கள் நாலு பெரிய கட்டாகச் சுருங்கும். தனியாக மிஞ்சுவது பரிணாமம், நோய்கள், நுண்ணுயிரிகள், அப்புறம் பயிரும் பொருளாதாரத் தாவரமும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே கட்டாகப் படிப்பதால் பாட்டனிக் கேள்விக்குச் சுவாலஜிப் பாடத்தின் எடுத்துக்காட்டை எழுதிவிட்டு வருவார்கள். முழுமைபெறா ஓங்குத்தன்மைக்கு அந்திமந்தாரைதான் பாட்டனிப் புத்தகத்தில் உள்ளது. அதை எழுது, 1:2:1 என்று முடி.

ஜனவரி 20

மனித இனப்பெருக்கத்தை முதல் வரிசையில் வைத்ததைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி, "அந்தப் பாடத்தை எங்கள் வகுப்பில் நடத்தவே இல்லை மிஸ், நீங்களே படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க" என்று எழுதியிருக்கிறார்.

இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. ஆண் பெண் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சிலர் இந்தப் பாடத்தை வேகமாக வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் பாடம் எடுக்கப் போனபோது கரும்பலகையைப் பார்த்தேதான் பேசினேன், பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் நிஜமான சந்தேகம் ஒன்றைக் கேட்டான்: ஒரு முதன்மை விந்துச் செல் நாலு விந்தணு தருகிறது, ஒரு முதன்மை அண்டச் செல் மட்டும் ஏன் ஒரே ஒரு முட்டை தருகிறது? சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. மற்ற மூன்று எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. துருவ உறுப்புகளாக ஒதுங்குகின்றன, சைட்டோபிளாசம் முழுக்க ஒரே செல்லுக்குப் போக வேண்டும், கருவுற்ற பின் ஆரம்ப நாட்களுக்கு அந்தச் சேமிப்புதான் ஆதாரம் என்று சொன்னபோது கூச்சம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பாடம் சுவாரஸ்யமாக இருந்தால் வெட்கப்பட யாருக்கும் நேரம் இருக்காது.

தேர்வுக் கணக்கில் சொன்னால், மாதவிடாய் சுழற்சி, விந்தணுவின் அமைப்பு, விந்து செல் உருவாக்கம், முட்டை செல் உருவாக்கம் இந்த நாலையும் படத்தோடு எழுதத் தெரிந்தால் அந்தப் பாடம் கைக்குள் வந்துவிட்டது. சுழற்சியை வெறும் நாள் கணக்காக மனப்பாடம் செய்யாதே. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் நாலு கோடு, ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து பார். 14-ஆம் நாளையொட்டி எல்.எச். எகிறும், அண்டம் வெளியேறும், அதன் பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறும். கோடு மனதில் இருந்தால் எந்தக் கோணத்தில் கேட்டாலும் எழுதலாம்.

ஜனவரி 25

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறான். முதல் பாட்டனிப் பாடத்தை மூன்று முறை வாசித்துவிட்டானாம், "நல்லா தெரியுது, ஆனா டெஸ்ட்ல வரமாட்டேங்குது" என்கிறான்.

வாசிக்கும்போது தெரிகிற மாதிரி இருப்பது புத்தகம் திறந்திருப்பதால். மூடு. ஒரு வெள்ளைத்தாள் எடு. பூவின் சூலுக்குள் இருக்கும் முதிர்ந்த கருப்பையை வரை, பெயர் குறி. வரைந்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். ஏழு செல், எட்டு உட்கரு என்று மேலே சரியாக எழுதிவிட்டு, உள்ளே ஆறு உட்கருதான் போட்டிருக்கிறான். மேலே மூன்று, கீழே மூன்று. நடுச்செல்லின் இரண்டு துருவ உட்கருக்கள் காணோம். இந்த இரண்டு இல்லாமல் மூவிணைவை எப்படி விளக்குவான்? இரட்டைக் கருவுறுதலை ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் பாதி பதில் இந்த இரண்டு புள்ளிகளில்தான் இருக்கிறது. ஒரு ஆண் கேமீட் முட்டையோடு, இன்னொன்று இந்த இரண்டோடு சேர்ந்து முதல்நிலை கருவூண் உட்கரு. மூன்று முறை வாசித்தும் கண்ணில் படாதது வெள்ளைத்தாளில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

ஆகவே முன்னுரிமைப் பட்டியலில் எதை மேலே ஏற்றுவது என்பதற்கு என் பட்டியலைவிட இந்தத் தாள் நல்ல ஆதாரம். ஒவ்வொரு பெரிய தலைப்புக்கும் ஐந்து நிமிடம், புத்தகம் மூடி. முழுதாக வந்தது, அதை ஒரு வாரம் தள்ளு. சுத்தமாக வராதது, அதையும் கொஞ்சம் தள்ளு. பாதி வந்ததை இன்றே எடு. அரைகுறையாகத் தெரிந்ததைச் சரிசெய்ய அரை மணி போதும், மதிப்பெண் உடனே ஏறும். மூலக்கூறு மரபியலில் ஒன்றுமே தெரியாத லாக் ஓபரானை (லாக்டோஸைச் சிதைக்கும் ஜீன்களை பாக்டீரியா திறந்து மூடும் முறை) முதல் நாளே எடுத்தால் அன்றைய ஒன்றரை மணியும் அதற்கே போய்விடும், மனமும் சோர்ந்துவிடும்.

ஜனவரி 26

"சுத்தமாக வராததைத் தள்ளு" என்று எழுதியதை நினைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளுவதற்குத் தேதி வைக்க வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் எடுக்காவிட்டால் அது விட்ட பாடம்தான், பேர் மட்டும் வேறு. மூலக்கூறு மரபியலைத் தள்ளித் தள்ளித் தேர்வுக்கு முந்தைய இரவு திறந்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

லாக் ஓபரானையே எடுத்துக்கொள். ஜேக்கப், மோனாட், 1961. லாக்டோஸ் இல்லாதபோது அடக்கி இயக்கியில் உட்கார்ந்துகொள்ளும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் போக வழி இல்லை. லாக்டோஸ் வந்தால் அடக்கியைப் பிடித்துக்கொள்ளும், வழி திறக்கும், இசட், ஒய், ஏ மூன்று ஜீன்களும் படியெடுக்கப்படும். கேட் கீப்பர் டீ குடிக்கப் போனால் ரயில் போகிற மாதிரி என்று எங்கள் டியூஷனில் ஒரு பெண் சொல்லிவைத்தாள். விடைத்தாளில் டீ வராமல் பார்த்துக்கொள் என்றேன்.

ஜனவரி 31

இப்போது 19-ஆவது கேள்வி. கட்டாயம் என்பதால் பிள்ளைகள் பயப்படுவார்கள். யோசித்து எழுதும் கேள்வியை அந்த இடத்தில் வைக்க வசதி அதிகம் என்பதால் மரபியல் கணக்குக்குப் பிள்ளைகளை நான் எப்போதும் தயாராக வைத்திருப்பேன். அதனால்தான் மரபுக் கடத்தலைத் தனியாகச் சொன்னேன்.

நேற்று டெஸ்டில் கொடுத்தது: நிறக்குருடான பெண், இயல்பான பார்வை உள்ள ஆண், குழந்தைகள் எப்படி இருப்பார்கள்? பாதிப் பேர் "50 சதவீதம் நிறக்குருடு" என்று மட்டும் எழுதினார்கள். விடை தப்பு என்று சொல்ல முடியாது, யாருக்கு 50 என்பதுதான் இல்லை. தாயிடம் இரண்டு எக்ஸிலும் அந்த ஒடுங்கு ஜீன். தந்தையிடம் இயல்பான எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும், ஆக எல்லா மகன்களும் நிறக்குருடு. மகளுக்குத் தந்தையின் இயல்பான எக்ஸ் வந்துவிடுவதால் எல்லா மகள்களும் கடத்திகள், பார்வை இயல்பு. பெற்றோர் மரபணு வகை ஒரு வரி, கேமீட்டுகள் ஒரு வரி, கட்டம், கடைசியில் முடிவை வாக்கியமாக. இந்த வரிசையில் எழுதினால் நடுவில் எங்கோ தடுமாறினாலும் மூன்றும் போகாது.

பெற்றோரை இடம் மாற்றியும் போட்டுப் பார். தந்தை நிறக்குருடு, தாய் முழு இயல்பு என்றால் ஒரு குழந்தைக்கும் குறைபாடு வெளியே தெரியாது. இந்த இரண்டு கணக்கும் கையில் இருந்தால் ஹீமோஃபிலியாவும் அதே கணக்குதான்.

பிப்ரவரி 4

தம்பியின் திருப்புதல் மதிப்பெண்: சுவாலஜி 27, பாட்டனி 19. பாட்டனிக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு மாதமாக ஆள் இல்லை என்று இப்போதுதான் சொல்கிறான்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஜனவரி 11 பட்டியலை வேறு மாதிரி போட்டிருப்பேன்.

அப்படியென்றால் இனி மூன்று நாள் பாட்டனி, ஒரு நாள் சுவாலஜி. 27-ஐ 30 ஆக்குவதைவிட 19-ஐ 26 ஆக்குவது சுலபம். ஆள் இல்லாத பாடத்தில் தானாகப் படிக்க முடிகிற பகுதி முதலில்: சூழல்மண்டலம், திசு வளர்ப்பு, பயிர் பெருக்கம். மூன்றும் படித்தாலே புரியும். ஹாபர்லேண்ட் 1902, முராஷிகி ஸ்கூக் ஊடகம் 1962, தன்னழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸ், இப்படி உறுதியாகப் பிடித்துக்கொள்ள எண்கள் உண்டு. நீர்நிலை வழிமுறை வளர்ச்சியில் தாவர மிதவை உயிரியில் ஆரம்பித்துக் காடு வரை ஏழு நிலைகள், ஊர்க் கண்மாய் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு நடுத்தண்ணீரிலிருந்து கரைக்கு நடந்து பார்த்தால் நடுவில் உள்ள நாணற் சதுப்பு மறக்காது. பசுமைப்புரட்சி, ஐ.ஆர். 8, சோனாரா 64, நார்மன் போர்லாக், எம்.எஸ். சுவாமிநாதன், கூடவே நெல் ஜெயராமன், எல்லாம் கதையாகவே மனதில் நிற்கும்.

மரபியலுக்கு மட்டும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அண்ணனைக் கூப்பிடு. யோசனை சொன்னவருக்கு வேலையும் கொடுப்போம்.

பிப்ரவரி 4, இரவு

அண்ணன் இந்த இழையைப் படிக்கிறாராம். வணக்கம் அண்ணா! 9:3:3:1 கட்டம் ஞாபகம் இருக்கிறதா?

பிப்ரவரி 9

செய்முறைத் தேர்வு வாரத்தில் தியரி நின்றுபோகும், அது இயல்பு. ஆனால் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, இரண்டும் சேர்ந்தால் முப்பது. தியரியில் முப்பது ஏற்ற எத்தனை ராத்திரி விழிக்க வேண்டும்? ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்கு. ஸ்பாட்டருக்கு வைக்கும் பொருளைப் பார்த்து இன்னது என்று சொல்லி இரண்டு காரணம் எழுதும் பயிற்சி அப்படியே இரண்டு மதிப்பெண் கேள்விக்கும் உதவும்.

பாஸ் ஆனால் போதும் என்ற நிலையில் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அவருக்கும் இதுவே பதில். தியரியில் குறைந்தது 15, மொத்தத்தில் 35. இரண்டு பாதியிலும் ஒரு மதிப்பெண் பதினாறும், கூடவே நாலைந்து இரண்டு மதிப்பெண் கேள்வியும் குறிவைத்தால் கரை ஏறிவிடலாம். அவருக்கு ஐந்து மதிப்பெண் ஆழமே வேண்டாம், மேலோட்டம் என்று நான் ஒதுக்கிய பாடங்களே அவருக்கு முதல் வரிசை.

பிப்ரவரி 16

ஒரு அம்மா: மகள் நீட் கோச்சிங்கும் போகிறாள், போர்டு தேர்வுக்கு எதை முதலில் படிக்கச் சொல்வது?

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் படிக்கட்டும் அம்மா. நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல், 720-இல் 360. மூலக்கூறு மரபியல், மனித இனப்பெருக்கம், மரபுக் கடத்தல், தொழில்நுட்பம், சூழல்மண்டலம், இவற்றுக்குச் செலவழிக்கும் நேரம் இரண்டு முறை பலன் தரும். பாட்டனியின் கடைசி இரண்டு பாடம் போர்டுக்காக மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்ச் முடியும்வரை எழுதிப் பார்க்கும் பயிற்சி வேண்டும். நாள் முழுக்க வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு விடை தெரியும், ஐந்து மதிப்பெண்ணுக்கு முழுப் பக்கம் எழுத மட்டும் வராது. சரியான விடையை நாலில் ஒன்றாகக் கண்டுபிடிப்பது வேறு, ஒன்றுமில்லாத தாளில் வரவழைப்பது வேறு.

பிப்ரவரி 17

அதே அம்மா: "மகள் இதையெல்லாம் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னதாகச் சொல்லட்டுமா?" தாராளமாகச் சொல்லுங்கள். என் டியூஷனில் என் மகளும்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளும் என்னைக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் உடனே நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

பிப்ரவரி 23

விடைத்தாள் திருத்தப் போன அனுபவத்திலிருந்து, முன்னுரிமைக்குச் சம்பந்தப்பட்டது மட்டும்.

திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், எதற்கு எத்தனை என்று பிரித்திருப்பார்கள். படத்துக்கு இவ்வளவு, பாகங்களுக்கு இவ்வளவு. அழகான விந்தணு ஒன்று ஞாபகம் இருக்கிறது. ஷேடிங் எல்லாம் போட்டு, வால் வளைந்து, ஓவியக் கண்காட்சிக்கே அனுப்பலாம். ஒரு பாகம்கூடக் குறிக்கவில்லை. அடுத்த தாளில் முட்டைக்கு வால் முளைத்த மாதிரி ஒரு கோட்டோவியம், ஆனால் அக்ரோசோம், உட்கரு, கழுத்து, நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியா, வால் என்று அத்தனையும் குறித்திருந்தது. எதற்கு மதிப்பெண் கூட விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே கடைசி வாரத்தில் படம் வரைவதாக இருந்தால் வேகப் படம்தான். சூலின் அமைப்பு, மகரந்தப்பையின் குறுக்குவெட்டு, பிபிஆர் 322 பிளாஸ்மிட், பாஸ்பரஸ் சுழற்சி, விந்தணு, இம்யூனோகுளோபுலின், லாக் ஓபரான். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடத்துக்குள், பென்சிலில், பாகங்களை வலது பக்கமாக வரிசையாகக் குறித்து. வரைய வராத பிள்ளைகள் இந்த ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. "அல்லது" கேள்வியில் அ எழுதினாயா ஆ எழுதினாயா என்று எண்ணைச் சரியாகப் போடு. இரண்டையும் பாதிப் பாதி எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். நேரமும் போகும், இரண்டில் ஒன்றுக்குத்தான் மதிப்பெண்.

பிப்ரவரி 28

தம்பி இரண்டாம் திருப்புதலில் பாட்டனி 25, சுவாலஜி 28. 53 ஆகிவிட்டது. அறுபது வருமா என்று கேட்கிறான். பாட்டனியின் எட்டு ஒரு மதிப்பெண்ணில் அவன் வாங்கியது நாலுதான். அறுபதுக்கான வழி அங்கே கிடக்கிறது. பொருளாதாரத் தாவரவியலில் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டு. நெல் போயேசி, மஞ்சள் சிஞ்ஜிபெரேசி என்று போகிற வருகிற நேரத்தில் பார்த்தால் போதும். மேலோட்டம் என்று ஒதுக்கிய பாடங்களை முழுக்க மறந்துவிடுபவர்கள்தான் இங்கே இழக்கிறார்கள்.

மார்ச் 3

"ஒரு வாரம்தான் இருக்கிறது, பரிணாமத்தை இப்போதாவது விட்டுவிடவா?"

விடாதே. முழுதாகப் படிக்கவும் வேண்டாம். மில்லர் யூரே சோதனை 1953, அதன் கருவிப் படம் ஒரு முறை. டார்வினின் கருத்துகள். தொழிற்புரட்சிக்குப் பின் கறுத்த அந்துப்பூச்சி. அப்புறம் ஹார்டி வீன்பெர்க், அதைக் கணக்காகவே படி. நூறு பேரில் 16 பேருக்கு ஒடுங்கு பண்பு என்றால் கியூ வர்க்கம் 0.16, கியூ 0.4, பி 0.6. கடத்திகள் 2 × 0.6 × 0.4, அதாவது 0.48, நூறில் 48 பேர். பயோ மேக்ஸ் படிக்கிறவனுக்கு இது ஐந்து நிமிட வேலை. எண்ணை மாற்றி இரண்டு கணக்கு நீயே போட்டுப் பார், விடையை இங்கே எழுது, பார்க்கிறேன்.

மார்ச் 3, இரவு

இரண்டும் சரி. இரண்டாவதில் பி-யைக் கண்டுபிடித்த வரியை எழுதாமல் தாண்டிவிட்டாய், அதையும் எழுது.